கரியில் ஓடிய பஸ்ஸும் திருக்குறுங்குடி தந்த பெரியவரும்

நம் கல்லூரியின் வண்டி நிறுத்தத்தில் காலை ஒன்பதரை மணிக்கு நின்று பார்த்தால், டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தைத் தாங்கிய வண்டிகள் சிலவேனும் கண்ணில் படும். அந்த முதலெழுத்து எதைக் குறிக்கிறது என்று வகுப்பில் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். தமிழ்நாடு என்றான் ஒருவன். திருச்சி என்றான் மற்றொருவன். அது வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. உண்மையில் அது நம் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயர். மகேந்திரகிரி மலையடிவாரத்தில் நம்பி கோயில் கொண்ட திருக்குறுங்குடியே அந்த எழுத்து.

சென்ற ஆண்டு வரை நானும் இதை அறியாதவனே. அறியச் செய்தது நான் செய்த ஒரு பிழை. ஆகவே அந்தப் பிழையை முதலில் சொல்லிவிட்டு, பிறகு அப்பெரியவரின் வாழ்க்கைக்கு வருகிறேன்.

என் பிழை

என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு அவன் தந்தையார் வாழைத்தார் விற்ற பணத்தில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்தார். சேரன்மாதேவிக்கு அப்பால் ஆற்றங்கரைச் சிற்றூர் அவனுடையது. கல்லூரிக்கு வருவதற்கும், வயலுக்கு உரமூட்டை கொண்டு போவதற்கும், பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதற்கும் வீட்டில் அது ஒன்றே வண்டி. ஆனால் இளமை சும்மா இருக்குமா? கம்பெனி கொடுத்த சைலன்சரைக் கழற்றிவிட்டு, வெளிக்கடையில் வாங்கிய வேறொரு சைலன்சரை மாட்டினான். வண்டி சிங்கம்போல் உறுமியது. தெருவே திரும்பிப் பார்த்தது.

இது சரிதானா என்று அவன் என்னைக் கேட்டான். நான் வேதியியல் மாணவன் அல்லவா? எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும். புகை தடையின்றி வெளியேறினால் காற்று தாராளமாக உள்ளே வரும். காற்று கூடினால் சக்தி கூடும் என்று மிடுக்காக விளக்கினேன். அத்துடன் விடாமல், ஏர் ஃபில்டரையும் எடுத்துவிட்டால் இன்னும் நல்லது என்று யோசனையும் சொன்னேன். அவன் என்னை நம்பி அப்படியே செய்தான்.

முதலில் வண்டி வேகத்தை விடும்போதெல்லாம் பின்னாலிருந்து பட்பட்டென்று வெடித்தது. அதையும் பெருமை என்றே எண்ணினோம். நான்காம் நாள் காலை பத்தமடையைத் தாண்டி வரும்போது இழுவை குறைந்து, எஞ்சின் கைவைக்க முடியாதபடி கொதித்து, வண்டி நின்றுவிட்டது. வெயிலில் தள்ளிக்கொண்டு போய், பிறகு ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி, பாளையங்கோட்டையில் உள்ள ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வழியெல்லாம் என் தோழன் ஒரு சொல்லும் பேசவில்லை. பிஸ்டன் போயிருந்தால் அவன் தந்தையாரிடம் என்ன சொல்வது என்ற நினைவே எனக்கு.

அண்ணாச்சிக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். அவர் முதலில் செய்தது பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்ததுதான். அதன் முனை சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. எஞ்சினுக்கு மூச்சு கூடிவிட்டது, சோறு கூடவில்லை என்று விளக்கினார். அவ்வளவுதான். என் வேதியியல் முழுவதும் அந்த ஒரு விளக்கத்தில் அடங்கிவிட்டது.

பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். ஆக்டேனின் எரிதல் சமன்பாட்டை எழுதிப் பார்த்தால் யாவரும் இதைக் கணக்கிடலாம். எஞ்சினுக்கு இந்த விகிதத்தைக் காத்துக் கொடுக்கும் கருவியே கார்ப்பரேட்டர். கம்பெனி சைலன்சருக்கும் ஏர் ஃபில்டருக்கும் எவ்வளவு காற்று வருமோ, அதற்கு ஏற்ற துளையுடன்தான் அதன் ஜெட்டுகளை அமைத்திருப்பார்கள். நாங்கள் இரண்டு பக்கமும் கதவைத் திறந்துவிட்டோம். ஜெட்டின் துளையோ பழைய அளவிலேயே இருந்தது. ஆகவே கலவையில் காற்று மிகுந்து, பெட்ரோல் குறைந்து, எரிதல் நிதானம் இழந்து, சூடு ஏறிவிட்டது. நான் ஆக்சிஜனை மட்டும் எண்ணினேன், எரிபொருளை எண்ணவில்லை. சமன்பாட்டுக்கு இருபுறம் உண்டு என்பதைத் தேர்வில் எழுதத் தெரிந்த எனக்குத் தெருவில் அது நினைவுக்கு வரவில்லை.

அண்ணாச்சி ஏர் ஃபில்டரை மீண்டும் பொருத்தினார். ஓர் அளவு பெரிய மெயின் ஜெட்டை மாட்டினார். கார்ப்பரேட்டர் நீடிலின் கிளிப்பை ஒரு வெட்டு கீழே இறக்கி, நீடில் சற்று உயரும்படி செய்தார். எஞ்சின் சூடேறிய பின் ஏர் ஸ்க்ரூவைக் காதால் கேட்டுக் கேட்டுத் திருப்பினார். சிறிது தூரம் ஓட்டிவரச் சொல்லி, மறுபடியும் பிளக்கைப் பார்த்தார். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் சோதிக்க வேண்டும் என்பது அவர் முறை. நம் ஆய்வகத்திலும் இதே பாடத்தைத்தானே சொல்லித் தருகிறார்கள்! பிஸ்டன் தப்பியது. அன்று மாலைதான் என் தோழன் என்னிடம் பேசினான்.

வேலைக்கிடையில் அண்ணாச்சி ஒரு செய்தி சொன்னார். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர், யுத்த காலத்தில் சிறுவனாக இருந்தபோது கரி பஸ்ஸில் கிளீனராக இருந்தவராம். பெட்ரோல் கிடைக்காத நாட்களில் பஸ்ஸின் பின்னால் இரும்புப் பீப்பாயில் அடுப்புக்கரி எரித்து, அந்தப் புகையில் எஞ்சினை ஓட்டினார்களாம். விடியுமுன் எழுந்து ஊதுவிசிறியின் கைப்பிடியைச் சுற்றுவது அவர் வேலையாம். ஒரு ஜெட்டு மாற்றியதற்கே மலைத்துப்போகிறீர்களே, அன்று எரிபொருளையே மாற்றி ஓட்டினார்கள் என்று சிரித்தார். அக்கருவியைச் செய்தவர்களில் டி.வி.எஸ். என்ற பெயரையும் குறிப்பிட்டார். அங்கிருந்துதான் என் தேடல் தொடங்கியது.

பிறப்பும் முதல் தொழில்களும்

டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்துத் திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். வைணவர்கள் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று அவ்வூர். மேற்கே மலை, கீழே வயல், நடுவே கோயில். மோட்டார் என்னும் சொல்லே நம் நாட்டில் கேட்கப்படாத காலம் அது.

மகன் வழக்கறிஞராக வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். அவ்வாறே சட்டம் பயின்று வழக்கறிஞராகத் தொடங்கினார். பிறகு இரயில்வேயில் பணியாற்றினார். வங்கி ஒன்றிலும் வேலை பார்த்தார். ஆங்கிலம் கற்ற குடும்பங்கள் அக்காலத்தில் மிக விரும்பிய மூன்று வாசல்கள் இவை. மூன்றையும் கண்டு, மூன்றையும் விட்டு வெளியே வந்தார் என்பதே அவர் வாழ்வின் முதல் வியப்பு. கற்றவன் கறுப்புக் கோட்டுப் போடுவான், அல்லது நாற்காலியில் அமர்வான். எண்ணெய்ப் பிசுக்கில் கை வைக்க மாட்டான் என்று ஊர் நம்பிய நாட்கள் அவை. அந்த நம்பிக்கை இன்றும் முற்றாக மறைந்ததாகச் சொல்வதற்கில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல்வன். பட்டம் பெற்றபின் என் கை அழுக்காகக் கூடாது என்பது என் தாயாரின் ஆசை. அந்த ஆசையில் அன்பு இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆயினும் சுந்தரம் ஐயங்காரின் வாழ்க்கையைப் படித்தபின், அழுக்கான கையும் கற்ற கையும் ஒரே கையாக இருக்கக்கூடும் என்று தாயாரிடம் சொல்லிப் பார்த்தேன்.

பஸ் வந்த கதை

இன்று டி.வி.எஸ். குழுமம் தன் தொடக்க ஆண்டாகக் கொள்வது 1911. அப்போது சுந்தரம் ஐயங்காருக்கு வயது 34. 1912இல் மதுரையில் முதன்முதலாகப் பஸ் சேவையைத் தொடங்கினார். டி. வி. சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ் என்ற நிறுவனம் இதிலிருந்தே வளர்ந்தது.

இன்று பஸ் நமக்கு மூச்சுவிடுவதுபோல் இயல்பான ஒன்று. அன்று அது எவ்வளவு பெரிய துணிவு என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சாலைகள் மாட்டு வண்டிக்காக அமைந்தவை. வண்டியும் உதிரிப் பாகங்களும் கப்பலில் வரவேண்டும். ஒரு பாகம் உடைந்தால் பல வாரம் காத்திருக்க வேண்டும். அல்லது இங்கேயே செய்துகொள்ள வேண்டும். ஆகவே பஸ் ஓட்ட முனைந்தவருக்குப் பட்டறையும் வேண்டியிருந்தது. பட்டறைக்குப் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டியிருந்தனர். பிற்காலத்தில் இந்நிறுவனத்திலிருந்து பல இயந்திரத் தொழில்கள் கிளைத்ததற்கு வேர் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் பஸ்ஸைப் பற்றி மதுரைச் சீமையில் இரண்டு கதைகள் வழங்குகின்றன. ஒன்று, பஸ் வரும் நேரத்தைப் பார்த்து மக்கள் தம் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள் என்பது. மற்றொன்று, மாட்டு லாடத்திலிருந்து கழன்று சாலையில் கிடக்கும் ஆணிகள் டயரைக் குத்தாமல் இருக்க, காந்தம் பொருத்திய வண்டியை விட்டு அவற்றைப் பொறுக்கச் செய்தார்கள் என்பது. செவிவழிச் செய்தியாகவே இவற்றை இங்கே தருகிறேன். ஆயினும் மக்கள் ஒரு மனிதரைப் பற்றி எத்தகைய கதையைச் சொல்கிறார்கள் என்பதிலும் ஓர் உண்மை உண்டு. சில செல்வர்களைப் பற்றி அவர்களுடைய மாளிகையைச் சொல்வார்கள். இவரைப் பற்றி நேரத்தையும் ஆணியையும் சொல்கிறார்கள்.

யுத்தமும் தட்டுப்பாடும்

1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1941இல் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. இந்தியாவுக்கு எண்ணெய் தந்துவந்த பர்மா அத்துடன் கைநழுவியது. மலாயாவும் வீழ்ந்ததால் ரப்பருக்கும் தட்டுப்பாடு வந்தது. இருந்த பெட்ரோல் படைக்கே முதலில் போயிற்று. சென்னை மாகாணத்தில் பஸ்கள் நின்றுபோகும் நிலை உண்டாயிற்று. பஸ் நின்றால் சந்தைக்குப் போகும் காய்கறி நிற்கும், ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி நிற்பான், தபால் நிற்கும். பத்தமடைச் சாலையில் ஒரு வண்டி நின்றதற்கே நாங்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு மாகாணத்தின் வண்டிகளே நின்றால்?

அப்போது சுந்தரம் ஐயங்காருக்கு அறுபத்தைந்து வயது. ஓய்வெடுக்க வேண்டிய அந்த வயதில், பெட்ரோல் இல்லாமல் வண்டியை ஓட்டும் வழியைத் தேடினார். அதன் விளைவே டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்று பெயர் பெற்ற கரிவாயுக் கருவி. அதை வடிவமைத்துத் தம் நிறுவனத்திலேயே உற்பத்தியும் செய்தார்.

கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் கலை உலகுக்குப் புதிதன்று. பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் இம்பர் 1920களிலேயே விறகுவாயுக் கருவியை உருவாக்கியிருந்தார். போர்க்காலத்தில் ஸ்வீடனில் மட்டும் 70,000க்கும் மேற்பட்ட வண்டிகள் இவ்வாறு ஓடின. ஜெர்மனியில் இத்தொகை பல இலட்சம். ஆனால் எங்கோ ஒரு நாட்டில் ஓர் உத்தி இருப்பது ஒன்று. கப்பல் போக்குவரத்து தடைப்பட்ட நேரத்தில், நம் ஊர்க் கரியைக் கொண்டு, நம் ஊர்த் தகட்டை வளைத்து, நம் ஊர் ஓட்டுநர் கையாளும்படி அதைச் செய்து கொடுப்பது வேறொன்று.

கரிவாயுவின் வேதியியல்

இத்தகைய கருவிகள் பொதுவாக இயங்கும் முறையை, நம் பாடத்துடன் பொருந்துவதால், சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மூடிய இரும்புப் பீப்பாயில் அடுப்புக்கரியை நிரப்பி, அடியில் தீ மூட்டி, அளவான காற்றை மட்டும் உள்ளே விடுவார்கள். காற்று நுழையும் இடத்தில் கரி எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகும். அந்த வாயு, அடுத்துள்ள செந்தணலான கரியின் ஊடே போகும்போது, இன்னொரு கார்பனைச் சேர்த்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடாக மாறும். சிறிது நீரைச் சொட்டவிட்டால், அது கரியுடன் வினைபுரிந்து ஹைட்ரஜனையும் தரும். எரியக்கூடியவை இவ்விரண்டுமே. மொத்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழ 30 விழுக்காடு. ஹைட்ரஜன் அதைவிடக் குறைவு. பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன்.

இந்த வாயு சாம்பலும் சூடுமாக வெளிவரும். அப்படியே எஞ்சினுக்குள் விட்டால் சாம்பல் சிலிண்டரைத் தேய்த்துவிடும். ஆகவே குழாய்களில் சுற்றிவரச் செய்து குளிரவைத்து, வடிகட்டித் தூய்மையாக்க வேண்டும். பிறகுதான் காற்றுடன் கலந்து எஞ்சினுக்குப் போகும்.

இங்கேதான் அண்ணாச்சியின் ஜெட்டு மாற்றம் பெரிய உருவில் வருகிறது. பெட்ரோல் ஆவி ஒரு பங்கு என்றால் கன அளவில் காற்று ஏறத்தாழ 60 பங்கு வேண்டும். கரிவாயுவுக்கோ ஒரு பங்குக்கு ஏறத்தாழ ஒரு பங்கு காற்றே போதும். பெட்ரோலை நுண்துளை வழியே துளித்துளியாகத் தந்த கார்ப்பரேட்டர் இங்கே உதவாது. வாயுவும் காற்றும் சரிபாதியாகக் கலக்கும் பெரிய வாயில் வேண்டும். ஓட்டுநர் அதைக் கையால் திருத்திக்கொண்டே போக வேண்டும். தணலின் நிலை மாறினால் வாயுவின் தன்மை மாறும். அதற்கேற்பக் காற்றும் மாற வேண்டும். இவ்வாயு மெதுவாக எரிவதால் பிளக்கின் பொறி முன்னதாகவே விழும்படி நேரத்தையும் மாற்றியமைக்க வேண்டும். இத்தனையும் செய்தாலும், சிலிண்டருக்குள் போவதில் பெரும்பகுதி எரியாத நைட்ரஜன் என்பதால், எஞ்சினின் சக்தி மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்துவிடும். ஏற்றத்தில் பயணிகள் இறங்கித் தள்ளிய கதைகள் இதனால் பிறந்தவையே.

ஆபத்தும் இருந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு ஆக்சிஜனுக்கு இடங்கொடாது. மூடிய கொட்டகையில் தீ மூட்டிய கிளீனர் மயங்கி விழலாம். காலையில் வண்டி புறப்படுமுன் தணல் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். வழியில் கரி போட வேண்டும். சாம்பல் அள்ள வேண்டும். வடிகட்டியைத் துடைக்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்ய ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கரி தேவைப்படும்.

மெதுவாக, கரி படிந்து, ஏற்றத்தில் மூச்சுவாங்கி, ஆனாலும் பஸ் போயிற்று. வேகம் குறைந்ததே தவிர வழி நிற்கவில்லை. என் தோழனும் நானும் வேண்டியது சத்தமும் வேகமும். அவர் வேண்டியது வண்டி நில்லாமல் போய்ச் சேர்வது. ஒரே எஞ்சின், ஒரே வேதியியல், நோக்கம் மட்டுமே வேறு. அந்த வேறுபாட்டை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

ரப்பர்த் தட்டுப்பாட்டுக்கும் அவர் விடை தேடினார். தேய்ந்த டயருக்கு மேல் புதிய ரப்பர் பதித்து மீண்டும் ஓடச் செய்யும் தொழிற்சாலையைத் தொடங்கினார். மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் ஆகிய நிறுவனங்களும் அவர் காலத்திலேயே எழுந்தன. 1950களில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் பெரிய விநியோகஸ்தராகவும் இந்நிறுவனம் விளங்கியது.

வீட்டுக்குள் வந்த மாற்றம்

தொழிலை மட்டும் சொல்லி ஒருவர் வாழ்க்கையை முடித்துவிடலாகாது. அவருடைய மகள் சௌந்தரம் அம்மையாரின் வரலாறு தனியே எழுதத்தக்கது. சிறு வயதிலேயே மணமுடித்து வைக்கப்பட்ட அவர், மருத்துவரான தம் கணவரை இளமையிலேயே இழந்தார். கைம்பெண் வீட்டு மூலையில் ஒடுங்க வேண்டும் என்று சமூகம் விதித்திருந்த காலம். ஆனால் அவர் பெற்றோர் ஆதரவுடன் டில்லி சென்று, லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1936இல் மருத்துவரானார்.

பின்னர் கேரளத்தைச் சேர்ந்த காந்தியத் தொண்டர் ஜி. இராமச்சந்திரனை மணக்க விரும்பினார். சாதியும் மொழியும் வேறு, மறுமணமும்கூட. பெற்றோர் இதற்கு இசையவில்லை. காத்திருந்து பார்க்கும்படி காந்தியடிகள் அறிவுறுத்தினார். இருவரும் காத்திருந்தனர், மனம் மாறவில்லை. 1940இல் காந்தியடிகளின் முன்னிலையில் திருமணம் நடந்தேறியது. 1947இல் இத்தம்பதியர் திண்டுக்கல்லுக்கு அருகே தொடங்கியதே இன்று பல்கலைக்கழக நிலைக்கு உயர்ந்துள்ள காந்திகிராமம். சௌந்தரம் அம்மையார் பின்னாளில் மத்திய அரசில் கல்வித் துணை அமைச்சராகவும் பணியாற்றினார்.

புதிய எரிபொருளை எஞ்சினுக்குப் பழக்கிய பெரியவருக்கு, மகளின் புதிய வாழ்வு உடனே பழகவில்லை. இதை மறைத்து எழுதினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது. எந்த மனிதரிடமும் ஒரு பகுதி முன்னே போகும். ஒரு பகுதி பின்னே நிற்கும். ஆயினும் கைம்பெண்ணான மகளைப் படிக்க அனுப்பிய வீடும் அதே வீடுதான். அன்று அந்தக் கதவு திறக்கப்படாதிருந்தால் காந்திகிராமத்து மருத்துவமனையில் பிறந்த எத்தனையோ குழந்தைகளின் கதை வேறாகியிருக்கும்.

இறுதி நாட்களும் பின் வந்தவையும்

தொழிலைத் தம் புதல்வர்களிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஓய்வு பெற்றார். டி. எஸ். ராஜம், டி. எஸ். சந்தானம், டி. எஸ். ஸ்ரீநிவாசன், டி. எஸ். கிருஷ்ணா ஆகிய நால்வரும் அதைப் பெருக்கினர். 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், கோடைக்கானலில் உள்ள தம் இல்லத்தில், உறக்கத்திலேயே சுந்தரம் ஐயங்கார் காலமானார். அப்போது அவருக்கு வயது 78. மறு ஆண்டு ஆகஸ்டு மாதம் மதுரையில் அவருடைய மார்பளவுச் சிலையை இராஜாஜி திறந்துவைத்தார்.

அவர் மறைவுக்குப் பின் 1962இல் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் எழுந்து, கனரக வண்டிகளுக்கு ஏர் பிரேக் செய்யத் தொடங்கியது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி வந்தது. பால்காரரும் காய்கறிக்காரரும் பள்ளி ஆசிரியரும் ஏறிச் சென்ற அவ்வண்டியை அறியாத தமிழ்க் கிராமம் இல்லை. அவர் ஓட்டிய பஸ்களோ 1972இல் அரசுடைமை ஆயின. மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. 1974இல் நம் நெல்லைக்கெனக் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. பிற்காலத்தில் பெயர்கள் மாறித் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆயிற்று. நம்மில் பாதிப்பேர் இன்று பாஸ் காட்டி வரும் பஸ்ஸின் மூதாதை அந்த மதுரைப் பஸ்தான் என்றால் மிகையாகாது.

திருக்குறுங்குடிக்குப் போனோம்

சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே மோட்டார் சைக்கிளில் என் தோழனும் நானும் நாங்குநேரி வழியாகத் திருக்குறுங்குடி சென்றோம். அதற்குள் அவன் பழைய சைலன்சரையே மாட்டியிருந்தான். சத்தம் எழுப்பும் சைலன்சர் சட்டப்படி குற்றம் என்று அண்ணாச்சி எச்சரித்ததும் ஒரு காரணம். அவன் பாட்டிக்கு அந்தச் சத்தத்தில் நெஞ்சு படபடத்தது மற்றொரு காரணம். சைலன்சர் மாறியதும் ஜெட்டையும் நீடிலையும் பழைய அளவுக்கே மாற்ற வேண்டும் என்று இம்முறை நானே நினைவூட்டினேன். இல்லாவிட்டால் பெட்ரோல் மிகுந்து பிளக் கரியாகிவிடும் அல்லவா? அண்ணாச்சி என்னை நிமிர்ந்து பார்த்து, கையில் ஸ்பேனரைக் கொடுத்து, நீயே செய் என்பதுபோல் தலையசைத்தார். செய்தேன். கை கறுத்தது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த புதிய வண்டிகளில் ஆக்சிஜனை உணரும் கருவி பொருத்தி, கணினியே ஓரளவு இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்கிறது. ஆனால் கணக்கு அதேதான்.

கோயிலைத் தரிசித்துவிட்டு வெளியே வந்து நின்றோம். எதிரே மகேந்திரகிரி. அம்மலைச் சரிவில்தான் இஸ்ரோ நிறுவனம் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் நிலையத்தை வைத்திருக்கிறது. திரவ எரிபொருளும் அதை எரிக்கும் ஆக்சிஜனும் எந்த விகிதத்தில் சேர வேண்டும் என்பதே அங்கும் முதற்கேள்வி. பாளையங்கோட்டைப் பட்டறையிலும், யுத்த காலத்துக் கரிப்பீப்பாயிலும், மகேந்திரகிரி மலையிலும் அதே கேள்வி.

திரும்பி வந்ததும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. சரியான நிறம் அதுவே.

தோழர்களே, சுந்தரம் ஐயங்காரைச் செல்வந்தர் என்று மட்டும் நினைத்தால் அவரால் நமக்குப் பெரும்பயன் இல்லை. அவர் செல்வம் நமக்கு வரப்போவதில்லை. கற்ற கல்வியோடு பட்டறைக்குள் இறங்கியவர், கிடைக்காத பொருளுக்காக அழாமல் கிடைத்த கரிக்கு ஏற்ப எஞ்சினை மாற்றியவர் என்று நினைத்தால், அது நம் ஒவ்வொருவருக்கும் பயன்படும். நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகப் புத்தகம் சுமந்து வந்தவர்கள். நாம் பெறும் கல்வி புதிய எரிபொருள் போன்றது. அதைக் கொண்டு ஓட, வீட்டிலும் மனத்திலும் பலவற்றை நாம் திருத்தியமைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொன்றாக, பொறுமையாக, சோதித்துச் சோதித்து. அடுத்த முறை வண்டி நிறுத்தத்தில் அந்த மூன்றெழுத்தைக் காணும்போது, முதலெழுத்து நம் ஊர் என்பதை நினைவில் கொள்வோமாக.